தூண்டில் நுனி உடைஞ்சா தூக்கிப் போடணுமா?

போன வாரம் டேட்டாபேஸ் பத்திப் பேசினோம். இந்த வாரம் அதுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு விஷயம்: தூண்டில் கம்பு. அதுலயும் அதோட கடைசி ரெண்டு இன்ச்.

அம்பத்தூர்ல எங்க வீட்டு ஹால்ல, ஓடிக்கிட்டிருந்த சீலிங் ஃபேனுக்குள்ள அப்பாவோட தூண்டிலை விட்டவன் நான்தான். ஏழடி கார்பன் கம்பு. என் முதல் சம்பளத்துல அவருக்கு வாங்கிக் கொடுத்தது. "டக்"னு ஒரு சத்தம், நுனி சோபாவுக்கு அடியில போய் விழுந்துச்சு. அப்பா எடுத்துப் பார்த்துட்டு, "பரவால்ல விடுடா" அப்படின்னு மட்டும் சொன்னார். அதுக்கப்புறம் நாலு ஞாயித்துக்கிழமை ஏரிக்கே போகல. எஸ்டேட்ல முப்பது வருஷம் லேத் ஓட்டினவர். ரிட்டயர் ஆனதுக்கப்புறம் வீட்டை விட்டு அவரை வெளிய கூட்டிட்டுப் போனது அந்தக் கம்பு ஒண்ணுதான். நாங்க ரெண்டு பேரும் உட்கார்ந்து ஒழுங்கா பேசுறதும் அந்தக் கரையில மட்டும்தான்.

அதனால முதல்ல நான் செஞ்ச தப்பைச் சொல்றேன். உடைஞ்ச ரெண்டு முனையையும் ஒட்டவெச்சு ஃபெவிக்விக் விட்டேன். பார்க்க சூப்பரா இருந்துச்சு. மொட்டை மாடியில ஒரு தடவை வீசினேன், நுனி பக்கத்து வீட்டுக்குப் போயிடுச்சு. ஏன் நிக்கலன்னு அப்புறம்தான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நுனியோட விட்டம் 2 மில்லிமீட்டர். முனையோட முனை ஒட்டினா பசைக்குக் கிடைக்கிற பரப்பு சுமார் 3 சதுர மில்லிமீட்டர்தான். அதே கம்பு மேல 10 மில்லிமீட்டர் நீளத்துக்கு ஒரு குழாயைத் தொப்பி மாதிரி மாட்டி ஒட்டினா, பரப்பு 63 சதுர மில்லிமீட்டர். இருபது மடங்கு! நாலு வருஷம் இன்ஜினியரிங் படிச்சவன் இதை ஒட்டுறதுக்கு முன்னாடி யோசிச்சிருக்கணும்.

அந்தத் தொப்பிக்குப் பேரு டிப் டாப். பேப்பர்ல ஏமாத்திட்டு ஓடுவாரே, அந்த டிப்டாப் ஆசாமி இல்ல. சின்ன உலோகக் குழாய், அது மேல ஒரு வளையம், வளையத்துக்குள்ள வழவழன்னு ஒரு செராமிக். நரம்பு கடைசியா வெளிய போற வாசல் இதுதான். நுனி உடைஞ்சா, உடைஞ்ச துண்டை மறந்துட்டு, மிச்சம் இருக்கிற கம்போட முனையில புது டிப் டாப் மாட்டணும். வேலை அவ்வளவுதான்.

வாங்கும்போது சைஸ்ல மாட்டிக்குவீங்க. சில பேக்கெட்ல மில்லிமீட்டர் இருக்கும், சிலதுல வெறும் 5, 6ன்னு நம்பர் இருக்கும். அந்த நம்பர் பெரும்பாலும் ஒரு இன்ச்சை 64 பங்காக்குற அமெரிக்கக் கணக்கு. 5ன்னா 64-ல 5 பங்கு, அதாவது 2 மில்லிமீட்டர். 6ன்னா 2.4. ஸ்கேல் வெச்செல்லாம் இதை அளக்க முடியாது, வெர்னியர் வேணும். எங்க வீட்டுல இருந்துச்சு, அப்பாவோடது. கேட்டதும் அவரே எடுத்துட்டு வந்து பக்கத்துல உட்கார்ந்துட்டார். நாலு வாரத்துல அன்னிக்குத்தான் அந்தக் கம்பைத் தொட்டார்.

உடைஞ்ச இடத்தை வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பாருங்க. கார்பன் நேரா உடையாது, நீளவாக்குல பிளக்கும். பிளவு எங்க முடியுதோ அதையும் தாண்டிக் கொஞ்சம் வெட்டணும். நான் கட்டிங் பிளேயரை எடுத்தேன், அப்பா கையைத் தட்டி விட்டார்.

"நசுங்கிடும்டா. அது கம்பி இல்ல, நாரு."

மாஸ்க்கிங் டேப்பைச் சுத்திட்டு, சின்ன முக்கோண அரத்தால கம்பை உருட்டி உருட்டிக் கோடு போட்டு அறுத்தார். அப்புறம் 400 நம்பர் உப்புத்தாள், தண்ணி தொட்டு. தண்ணி எதுக்குன்னா, கார்பன் தூள் மூச்சுல போகக் கூடாது, கையில பட்டாலும் அரிக்கும். மாஸ்க் போட்டுக்கோங்க.

அடுத்தது பசை. அரால்டைட் போட்டா கல்லு மாதிரி நிக்கும், ஆனா அடுத்த தடவை வளையம் போனா கழட்டுறதுக்குள்ள உயிர் போயிடும். சூட்டுல உருகுற பசைதான் இதுக்குச் சரி. டிப் டாப்புக்குன்னே குச்சியா விக்கிறாங்க. அவசரத்துக்கு ஸ்டேஷனரி கடையில கிடைக்கிற குளூ கன் குச்சியும் போதும். ஆனா மே மாசம் மூடின காருக்குள்ள கம்பை விட்டுட்டுப் போனீங்கன்னா அது இளகிடும், நம்ம ஊர் வெயிலைத்தான் தெரியுமே.

குழாய்க்குள்ள பசைத் துணுக்குகளைப் போட்டு, குழாயை மட்டும் லைட்டர்ல காட்டுங்க. கம்புல நெருப்பு படவே கூடாது. கார்பனைப் பிடிச்சு வெச்சிருக்கிறதே பிசின்தான், அது வெந்துட்டா கம்பு உள்ளுக்குள்ள செத்துடும். பசை உருகினதும் கம்பை உள்ள சொருகி, சூடு ஆறுறதுக்குள்ள கைப்பிடிப் பக்கத்துல இருந்து ஒத்தைக் கண்ணால பாருங்க. எல்லா வளையமும் ஒரே கோட்டுல நிக்கணும். கோணலா இருந்தா திரும்பவும் குழாயைச் சூடு பண்ணித் திருப்பிக்கலாம். எனக்கு மூணு தடவை ஆச்சு. பழைய டிப் டாப்பைக் கழட்டணும்னாலும் இதே வழிதான்: கொஞ்சம் சூடு, நேரா ஒரு இழுப்பு.

இதுல ஒரு விலை இருக்கு. எங்க கம்புல 8 சென்டிமீட்டர் போச்சு. நுனி விட்டம் 2-ல இருந்து 2.4 ஆச்சு. 0.4 தானேன்னு தோணும். ஆனா வளையுறதுக்கான எதிர்ப்பு விட்டத்தோட நாலாவது அடுக்குல ஏறும். 1.2-ஐ நாலு தடவை பெருக்கிப் பாருங்க, 2.07 வரும். அதாவது நுனி ரெண்டு மடங்கு விறைப்பாயிடுச்சு. ஜிலேபி மீன் மெதுவா இரையைத் தொடுறது முன்ன மாதிரி நுனியில தெரியாது. விராலுக்கு இதுவே வசதின்னு அப்பா சொல்றார். என்னைத் தேத்துறதுக்குச் சொல்றாரான்னு தெரியல.

நம்ம ஊர்ல நிறைய பேர்கிட்ட இருக்கிறது ஒண்ணுக்குள்ள ஒண்ணு போற டெலஸ்கோப் மாடல். அதுக்கு இவ்வளவு பாடே வேண்டாம். அடியில மூடியைத் திருகிக் கழட்டினா உடைஞ்ச நுனித் துண்டு கீழ்வழியா வெளிய வந்துடும், அதை மட்டும் மாத்திக்கலாம். சைஸைச் சரியா பார்த்து வாங்குங்க. கம்பு நடுவுல உடைஞ்சிருந்தா அது வேற கதை, உள்ள ஒரு துண்டைச் சொருகி, வெளிய நூல் கட்டி, எபாக்ஸி விடணும். அதை இன்னொரு நாள் பேசலாம்.

ஃபேன் மட்டும் இல்ல, நுனி உடைய இன்னும் ரெண்டு காரணம் இருக்கு. ஒண்ணு, மீன் கிட்ட வந்ததும் கம்பைச் செங்குத்தா, அதையும் தாண்டிப் பின்னாடி சாய்க்கிறது. அப்ப மொத்த பாரமும் ஒல்லியான நுனிக்கே போகும். கம்பைத் தாழ்த்தி, கை வலையால அள்ளுங்க. இன்னொண்ணு, ஈயம் வளையத்துல இடிக்கிற வரைக்கும் ரீலைச் சுத்துறது. செராமிக்ல விரிசல் விட்டா கண்ணுக்கே தெரியாது, நரம்பை மட்டும் அறுத்துக்கிட்டே இருக்கும். காது குடையுற பஞ்சுக் குச்சியை வளையத்துக்குள்ள விட்டுச் சுத்திப் பாருங்க, பஞ்சு சிக்கினா வளையத்தை மாத்துங்க.

ஒரு முக்கியமான விஷயம். கார்பன் மின்சாரம் கடத்தும். ஆவடி, பூந்தமல்லி பக்கம் ஏரிக்கரை ஓரமா மின்கம்பி போற இடங்கள் நிறைய. வீசுறதுக்கு முன்னாடி தலையைத் தூக்கிப் பாருங்க. இடி இடிச்சா கம்பைக் கீழ வெச்சுட்டுக் கிளம்புங்க. அப்புறம், பல ஏரிகள்ல மீன் குத்தகைக்குப் போயிருக்கும், கேட்காம தூண்டில் போடாதீங்க.

இந்த ஞாயித்துக்கிழமை காலையில அஞ்சரை மணிக்கு அப்பா என்னை எழுப்பினார். கம்பு ஏற்கனவே பைக்ல கட்டியிருந்துச்சு, நுனிக்கு ஒரு பிவிசி பைப் உறை போட்டு. மூணு ஜிலேபி கிடைச்சுது. நாலாவதை விட்டது நான்தான், கம்பு மேல பழி போடல.