மனைப்பிரிவு அனுமதியும் பள்ளி இடமும்

விளைநிலம் ஒன்று மனைப்பிரிவாக மாறும்போது சாலையின் அகலம், மழைநீர் வடிகால், பூங்காவுக்கான இடம் ஆகியவை வரைபடத்தில் அளந்து குறிக்கப்பட்டு, உள்ளாட்சியின் பெயருக்கு எழுதி வைக்கப்படுகின்றன. ஆனால் அந்த மனைகளில் வீடு கட்டிக் குடியேறும் குடும்பங்களின் குழந்தைகள் எந்தப் பள்ளியில், எந்த வகுப்பறையில் இடம் பெறுவார்கள் என்ற கேள்வி அந்தக் கோப்பில் எழுவதேயில்லை. திருவள்ளூர் மாவட்டத்தின் வடமேற்கு ஓரத்தில், கொசஸ்தலை ஆற்றை ஒட்டி, ஆந்திர எல்லைக்கு அருகே அமைந்த பள்ளிப்பட்டு போன்ற சிறு பேரூராட்சிகளுக்கு இந்த விடுபடல் பெருநகரங்களைவிடக் கூடுதல் சுமையாகும்; ஏனெனில் அங்கே அரசுப் பள்ளி நிரம்பிவிட்டால் மாற்றாகச் சேர்க்க வேறு பள்ளிகள் அதிகம் இருப்பதில்லை.

சிக்கலின் வேர், ஒரே குழந்தையைப் பற்றிய பொறுப்பு இரண்டு சட்டங்களில் பிரிந்து கிடப்பதில் உள்ளது. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள குழந்தைகளின் இலவச, கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 14 வயது வரையுள்ள ஒவ்வொரு குழந்தைக்கும் அருகமைப் பள்ளியில், அதாவது வசிப்பிடத்திலிருந்து நிர்ணயிக்கப்பட்ட தொலைவுக்குள் அமைந்த பள்ளியில், படிக்கும் உரிமையை வழங்குகிறது. தமிழ்நாட்டு விதிகள் இத்தொலைவை ஐந்தாம் வகுப்பு வரை ஒரு கிலோமீட்டர் என்றும், ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை மூன்று கிலோமீட்டர் என்றும் வகுத்துள்ளன. அப்பள்ளி கிடைப்பதை உறுதிசெய்வதும், தன் எல்லைக்குள் வாழும் 14 வயது வரையிலான குழந்தைகளின் பதிவேட்டைப் பராமரிப்பதும் உள்ளாட்சியின் கடமை என்கிறது அச்சட்டத்தின் 9-ஆம் பிரிவு. மனைப்பிரிவுக்கு அனுமதி வழங்கும் நடைமுறையோ 1971-ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டத்தையும், 2019-ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளையும் சார்ந்தது. நகர் ஊரமைப்பு அலுவலகம் தொழில்நுட்ப அனுமதி தருகிறது. உள்ளாட்சி இறுதி ஒப்புதல் தருகிறது. வட்டாரக் கல்வி அலுவலரின் மேசைக்கு அந்த வரைபடம் வருவதில்லை.

கட்டட விதிகளின்படி 10,000 சதுர மீட்டருக்கு, அதாவது ஏறத்தாழ இரண்டரை ஏக்கருக்கு, மேற்பட்ட மனைப்பிரிவில் சாலை நீங்கலான பரப்பில் 10 சதவீதத்தைத் திறந்தவெளி ஒதுக்கீடாக உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதித் தர வேண்டும். இது பூங்காவுக்கும் விளையாட்டு இடத்துக்கும் உரியதே தவிர, பள்ளிக் கட்டடத்துக்கு உரியதன்று. இதற்கு மேல் பொதுப் பயன்பாட்டுக்கென ஒதுக்கப்படும் ஒரு சதவீதம் மின்வாரியத்துக்கும் உள்ளாட்சிக்குமாகப் பாதியாகப் பிரிகிறது. பத்து ஏக்கர் மனைப்பிரிவில் சாலை போக ஏழு ஏக்கர் மிஞ்சுவதாகக் கொண்டால் உள்ளாட்சிக்குக் கிடைப்பது மூன்றரை சென்ட்; அதில் மேல்நிலைத் தொட்டி ஒன்றைக் கட்டலாம், பள்ளி கட்ட இயலாது. அதே மனைப்பிரிவில் ஒரு நூறு தொடக்கப்பள்ளி வயதுக் குழந்தைகள் குடியேறினால், கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி அவர்களுக்கு நான்கு ஆசிரியர்களும், ஆசிரியருக்கு ஒன்று வீதம் நான்கு வகுப்பறைகளும் தேவை.

அனுமதியற்ற மனைப்பிரிவுகளில் நிலைமை இன்னும் மோசம். 2016 அக்டோபர் 20-க்கு முன் விற்கப்பட்ட அத்தகைய மனைகளை வரன்முறைப்படுத்த 2017-இல் அரசு விதிகள் வகுத்தது. மனை வாங்கியவர்களுக்கு அது நிவாரணம் தந்தபோதிலும், திறந்தவெளிக்குரிய நிலம் ஏற்கெனவே விற்றுப்போயிருந்த இடங்களில் கட்டணம் மட்டுமே அரசுக்கு வந்தது, நிலம் வரவில்லை.

திட்ட வரைபடத்தில் பள்ளிக்கென இடம் குறிக்கப்பட்டிருந்தாலும் அது நிலைக்கும் என்ற உறுதி இல்லை. நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 38-ஆம் பிரிவு, திட்ட அறிவிப்பு வெளியான மூன்று ஆண்டுகளுக்குள் ஒதுக்கீட்டு நிலத்தை அரசு கையகப்படுத்தாவிட்டால் அது ஒதுக்கீட்டிலிருந்து விடுவிக்கப்பட்டதாகவே கருதப்படும் என்கிறது. இப்பிரிவைக் காட்டி உரிமையாளர்கள் சென்னை உயர் நீதிமன்றத்தில் நிலங்களை மீட்ட வழக்குகள் பல. மறுபுறம், பள்ளிக்கும் பூங்காவுக்கும் ஒதுக்கிய நிலத்தை விலையின்றித் தங்கள் பெயருக்கு மாற்றித் தருமாறு டெல்லி மாநகராட்சி விதித்த நிபந்தனையைச் சேத்ராம் வசிஷ்ட் வழக்கில் ஏற்க மறுத்த உச்ச நீதிமன்றம், அவ்வாறு ஒதுக்கியபின் அந்நிலத்தை உரிமையாளர் பொதுமக்கள் நலனுக்காகவே வைத்திருக்கிறார் என்றும் தெளிவுபடுத்தியது. எனவே வரைபடத்தில் பள்ளி என்று குறித்த மனையைப் பின்னாளில் வணிக மனையாக விற்பதைக் குடியிருப்போர் எதிர்க்க வலுவான சட்ட அடிப்படை உண்டு.

வீடு முதலில், பள்ளி பிறகு என்ற வரிசையின் விளைவைத் தமிழகம் சென்னையின் தெற்கே கண்டிருக்கிறது. கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் ஆகிய மறுகுடியமர்வுப் பகுதிகளில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் குடியேற்றப்பட்டபோது அந்த அளவுக்குப் பள்ளிகள் இல்லை. குழந்தைகள் பலர் பழைய பள்ளிக்கே நெடுந்தொலைவு பேருந்தில் சென்றனர், சிலர் படிப்பையே விட்டனர். நெரிசலின் கொடிய முகம் கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 அன்று வெளிப்பட்டது: ஒரே கட்டடத்தில் பல பள்ளிகள் இயங்கிய அந்த இடத்தில் தீயில் 94 குழந்தைகள் இறந்தனர். வீடு முதலில் என்ற வரிசைக்கு மாறாக, அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்திலுள்ள மான்ட்கோமரி கவுண்டி 1973 முதல், பள்ளி முதலிய வசதிகள் போதுமானவையா என்று பார்த்த பின்னரே குடியிருப்புக்கு அனுமதி தரும் முறையைக் கடைப்பிடித்தது. பள்ளி நிரம்பிய பகுதிகளில் அனுமதியையே நிறுத்தி வைத்தால் வீட்டுப் பஞ்சம் கூடும் என்ற விமர்சனத்தால் 2020-இல் அத்தடையை நீக்கி, கட்டுநரிடம் கூடுதல் கட்டணம் பெறும் வழிக்கு மாறியது. தமிழகத்துக்கும் தேவைப்படுவது தடையன்று, முன்கூட்டிய கணக்கே.

பள்ளிப்பட்டில் அந்தக் கணக்குக்குத் தொலைவை மட்டும் அளந்தால் போதாது. ஆந்திரப் பகுதியிலுள்ள கிருஷ்ணாபுரம் அணை திறக்கப்படும்போது நெடியம், சாமந்தவாடா தரைப்பாலங்கள் நீரில் மூழ்கிப் போக்குவரத்து நின்றுவிடுகிறது. வரைபடத்தில் ஒரு கிலோமீட்டரில் இருக்கும் பள்ளி, ஆறு பெருகும் நாட்களில் எட்டாத பள்ளியாகிறது. வெள்ள அபாயமும் சாலையின்மையும் உள்ள இடங்களில் தொலைவு வரம்பைக் குறைத்துப் பள்ளி அமைக்க வேண்டும் என்று மத்திய மாதிரி விதிகளே கூறுகின்றன. மொழியும் இங்கே இருக்கைக் கணக்கில் சேரும். 1960 ஏப்ரல் 1 அன்று சித்தூர் மாவட்டத்திலிருந்து தமிழகத்துடன் இணைந்த இப்பகுதியில் தெலுங்கு பேசும் குடும்பங்கள் கணிசமாக உள்ளன. மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்க முயல வேண்டும் என்று அரசியலமைப்பின் 350-அ பிரிவு உள்ளாட்சிகளையும் பணிக்கிறது. ஒரு பயிற்றுமொழி வகுப்பில் காலியிடம் இருப்பது மற்ற மொழியில் படிக்கும் குழந்தைக்கு இடமாகிவிடாது.

மனை வாங்குவோர் விளம்பரத்தில் காணும் பள்ளி வசதியை அனுமதி பெற்ற வரைபடத்தோடு ஒப்பிட வேண்டும். 2016-ஆம் ஆண்டின் மனை வணிகச் சட்டப்படி 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு பதிவு செய்யப்பட வேண்டும். பொய்யான விளம்பரத்தை நம்பி முன்பணம் கொடுத்து இழப்புக்குள்ளானவர், 12-ஆம் பிரிவின்கீழ் இழப்பீடு கோரலாம். கடந்த சில ஆண்டுகளில் ஒப்புதல் பெற்ற மனைகளின் எண்ணிக்கை, உள்ளாட்சியின் குழந்தைப் பதிவேடு, பள்ளியின் வகுப்பறை எண்ணிக்கை ஆகியவற்றைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் பத்து ரூபாய்க் கட்டணத்தில் கேட்டுப் பெறலாம். 30 நாட்களுக்குள் பதில் வர வேண்டும். குழந்தைக்கு இடம் மறுக்கப்பட்டால் கல்வி உரிமைச் சட்டத்தின் 32-ஆம் பிரிவின்கீழ் உள்ளாட்சிக்கு எழுத்தில் புகார் அளிக்கலாம். உள்ளாட்சி மூன்று மாதங்களுக்குள் முடிவு தர வேண்டும்; அம்முடிவு ஏற்புடையதாக இல்லாவிட்டால், மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்தில் மேல்முறையீடு செய்யலாம்.

இவை எல்லாம் பாதிப்புக்குப் பின் வருபவை. வருங்காலக் குழந்தைகளின் எண்ணிக்கையைச் சட்டமே எழுதச் சொல்லும் ஓர் ஆவணம் பெற்றோரின் கையில் உள்ளது. நான்கில் மூன்று பங்கு உறுப்பினர்கள் பெற்றோராக உள்ள பள்ளி மேலாண்மைக் குழு, கல்வி உரிமைச் சட்டத்தின் 22-ஆம் பிரிவின்படி பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தைத் தயாரிக்க வேண்டும். அதில் வரும் மூன்று ஆண்டுகளுக்கான வகுப்புவாரி சேர்க்கை மதிப்பீடும், கூடுதல் ஆசிரியர், கூடுதல் வகுப்பறைத் தேவையும் இடம்பெற வேண்டும் என்கின்றன மாதிரி விதிகள். அரசின் மானியத்துக்கு அத்திட்டமே அடிப்படை என்பதால், பேரூராட்சியும் ஊராட்சிகளும் ஒப்புதல் தந்த மனைப்பிரிவுகளின் பட்டியலைக் கேட்டுப் பெற்று, நிதியாண்டு முடிய மூன்று மாதங்கள் இருக்கும்போதே அந்த மதிப்பீட்டோடு இணைத்துவிட்டால், இதுவரை தனித்தனியே நகர்ந்த இரண்டு கோப்புகளும் ஒரே தாளில் சேர்ந்துவிடும்.