ரோ படங்களைத் திருத்தத் தொடங்குபவருக்கு எந்த மென்பொருள்?

நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் முதலாவது அலகு 2011இல் இயங்கத் தொடங்கியது. 2014இல் மூன்று அலகுகளும் சேர்ந்து 900 மெகாவோட் என்றானது. நிலக்கரித் தூசும் சாம்பலும் காற்றோடு வந்து வீடுகளிலும் தோட்டங்களிலும் படிவதாகச் சுற்றுக் கிராமத்து மக்கள் தொடர்ந்து முறையிட்டு வருகிறார்கள். 2021 மே மாதம் கொழும்புக்கு அப்பால் எக்ஸ்-பிரஸ் பேர்ள் கப்பல் தீப்பற்றியபோது, அதிலிருந்து கொட்டிய பிளாஸ்டிக் மணிகள் மேற்குக் கரையில் ஒதுங்கின. புத்தளம் மாவட்டக் கரையோரத்தில் கடலரிப்பும் ஓயவில்லை.

இவற்றைப் பதிவுசெய்ய வெளியிலிருந்து யாராவது வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. பழைய டிஎஸ்எல்ஆர் கமரா ஒன்றை வைத்திருக்கும் கற்பிட்டி இளைஞரோ உடப்பு யுவதியோ இதைச் செய்யலாம். அவர்கள் தடுக்கி நிற்கும் இடம் பெரும்பாலும் ஒன்றுதான்: எடுத்த படத்தை எதில் திறப்பது, எதில் திருத்துவது?

ரோ என்றால் என்ன?

கமரா ஜேபெக் படம் ஒன்றைத் தரும்போது வெளிச்சம், நிறம், கூர்மை எல்லாவற்றையும் தானே தீர்மானித்து, மிச்சத் தகவலை எறிந்துவிடுகிறது. ரோ கோப்பில் சென்சரில் விழுந்த ஒளியின் பதிவு அப்படியே இருக்கும். ஜேபெக்கில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 ஒளிப்படிகள் மட்டுமே. 12 பிட் ரோ கோப்பில் 4,096 படிகள், 14 பிட்டில் 16,384.

இந்த வித்தியாசம் எங்கள் கரையில் நன்றாகவே தெரியும். வெள்ளை மணலில் கிடக்கும் வெள்ளைப் பிளாஸ்டிக் மணிகளை நடுப்பகலில் எடுத்தால், ஜேபெக்கில் இரண்டும் ஒரே வெள்ளையாக வெளிறிப்போகலாம். பாலாவி உப்பளத்தின் கூசும் வெளிச்சத்தில் வேலை செய்பவரின் முகம் கறுத்துவிடும். ரோ கோப்பாக இருந்தால் வெளிறியதையும் இருண்டதையும் பெருமளவு மீட்கலாம். ஆனால், முற்றாக எரிந்துபோன வெள்ளையை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. வெயிலில் எடுக்கும்போது வெளிச்சத்தைச் சற்றுக் குறைத்தே எடுப்பது நல்லது.

எதைத் தெரிவுசெய்வது?

முதலில் உங்கள் கமரா நிறுவனத்தின் இலவச மென்பொருளிலிருந்து தொடங்குங்கள். கெனனுக்கு டிஜிட்டல் ஃபோட்டோ புரொஃபெஷனல், நிக்கோனுக்கு என்எக்ஸ் ஸ்டூடியோ, சோனிக்கு இமேஜிங் எட்ஜ். கமரா காட்டிய நிறத்தை இவை ஏறக்குறைய அப்படியே தருவதால், தொடங்குபவர் குழம்பமாட்டார். ஒரு நிறுவனத்தின் மென்பொருள் மற்றைய நிறுவனத்தின் ரோ கோப்பைத் திருத்தாது என்பதே இவற்றின் குறை.

இரண்டாவது படி ரோதெரபியும் டார்க்டேபிளும். இரண்டும் இலவசம், திறந்த மூல மென்பொருள்கள், பல நிறுவனங்களின் கோப்புகளைத் திறப்பவை. ஒருமுறை இறக்கிவிட்டால் இணையம் இல்லாமலும் வேலை செய்யலாம். ரோதெரபியில் பொத்தான்கள் அதிகம். பயப்பட வேண்டாம், முதல் மாதத்துக்கு ஐந்தாறு போதும். டார்க்டேபிள் நிறையப் படங்களை அடுக்கிப் பார்க்கவும் உதவும். ஆனால், அதைக் கற்க நாளெடுக்கும், பழைய கணினியில் மெதுவாக ஓடும். கிம்ப் ஏற்கனவே இருக்கிறது என்பவர்கள் கவனிக்க: அது ரோ கோப்பைத் தானாகத் திறக்காது, இவ்விரண்டில் ஒன்று கூடவே வேண்டும்.

லைட்ரூம் கற்பதற்கு இலகுவானது, யூடியூபில் பாடங்களும் ஏராளம். ஆனால், அதற்கு மாதாமாதம் சந்தா கட்ட வேண்டும். 2022இல் ரூபாயின் பெறுமதி சரிந்ததைக் கண்டவர்களுக்கு, டொலரில் கணக்கிடப்படும் மாதக் கட்டணம் எவ்வளவு பாரம் என்று சொல்லத் தேவையில்லை. சந்தா நின்றால் லைட்ரூம் கிளாசிக்கில் பழைய படங்களைப் பார்க்கலாம், வெளியே எடுக்கலாம். திருத்தும் பகுதி பூட்டப்படும். பூட்டுடைத்த திருட்டுப் பிரதிகளோடு வைரஸும் வரக்கூடும். அதனால் அழிவது படங்கள்தான்.

கணினியே இல்லாதவர், தொலைபேசியில் டிஎன்ஜி வடிவில் எடுத்து, ஸ்னாப்சீட் செயலியில் இலவசமாகத் திருத்தலாம்.

எவ்வளவு திருத்தலாம்?

பழகும் ஒழுங்கு இது: வெளிச்சம், வெள்ளைச் சமநிலை, வெளிறிய பகுதி, நிழல், கடைசியில் கூர்மை. அங்கே நிறுத்திவிடலாம். புகையை இன்னும் கறுப்பாக்குவதோ, வேண்டாத ஆளை அழிப்பதோ பதிவு ஆகாது. ஒரு படம் பொய் என்று காட்டிவிட்டால், உண்மையான நூறு படங்களையும் சேர்த்தே ஒதுக்கிவிடுவார்கள்.

உலகப் பத்திரிகைப் புகைப்படப் போட்டியில் இறுதிச் சுற்றுக்கு வருபவர்களிடம் மூலக்கோப்பைக் கேட்டுச் சரிபார்க்கிறார்கள். நாளை ஒரு விசாரணையிலும் இதே கேள்வி எழலாம். நல்ல ரோ மென்பொருள் படத்தின் மூலத் தரவை மாற்றுவதில்லை. திருத்தங்களைக் குறிப்பாக மட்டும் வைத்துக்கொள்ளும். ரோதெரபியும் டார்க்டேபிளும் அந்தக் குறிப்பைப் பக்கத்தில் தனிக்கோப்பாக எழுதுகின்றன. கெனனின் மென்பொருளோ அதை ரோ கோப்புக்குள்ளேயே சேமிக்கக்கூடும். ஆகவே, எந்த மென்பொருளாக இருந்தாலும், கமராவிலிருந்து இறக்கியவுடன் ஒரு பிரதியைத் தொடாமல் தனியாக வையுங்கள். இன்னொரு பிரதி வேறொரு வீட்டில் இருக்கட்டும். எடுத்த திகதி, இடம், படத்தில் இருப்பது என்ன என்பதை அன்றைக்கே எழுதி வையுங்கள். முகம் தெரிபவரின் சம்மதத்தைக் கேளுங்கள்.

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களில் பல்லாயிரம் பேர் புத்தளத்துக்கும் கற்பிட்டிக்கும் வந்து சேர்ந்தார்கள். 2009இல் வன்னியிலிருந்து வெளியே வந்த தமிழ் மக்களும் உயிரை மட்டுமே காப்பாற்றிக்கொண்டு வந்தார்கள். வீட்டோடும் காணி உறுதியோடும் சேர்ந்து கல்யாணப் படமும், காணாமல்போன பிள்ளையின் ஒரே படமும் தொலைந்துபோன குடும்பங்கள் எங்களிடையே உண்டு. ஒரு படம் இல்லாமல்போனால் என்ன இல்லாமல்போகிறது என்று அவர்களிடம் விளக்க வேண்டியதில்லை.

எனவே இலவசமான ஒன்றை இன்றே இறக்கிப் பழகத் தொடங்குங்கள். பிடிக்காவிட்டால் அடுத்த மாதம் வேறொன்றுக்கு மாறலாம். தொடாத மூலக்கோப்பு பத்திரமாக இருக்கும்வரை, எதில் தொடங்கினாலும் இழப்பு எதுவும் இல்லை.