சனியைப் பார்க்க ஸ்ரீவைகுண்டமா, தேரிக்காடா?

பாபநாசம் சூரியனுக்கு, சேரன்மகாதேவி சந்திரனுக்கு, ஸ்ரீவைகுண்டம் சனிக்கு... தாமிரபரணிக் கரை நவகைலாயங்களில் ஒன்பது பேரையும் வரிசையாக உட்கார்த்தி வைத்திருக்கிறார்கள். பஸ் டிக்கெட் போதும். ஆனால், அசல் சனியை வளையத்தோடு பார்த்தே தீருவேன் என்று போனஸ் பணத்தோடு கிளம்பினார் நம் அலுவலக நண்பர் ஒருவர்.

"அண்ணாச்சி, 525 மடங்கு பெருசாத் தெரியுமாம்லா. பெட்டியிலயே போட்டிருக்கான்!"

பெட்டியில் என்ன வேண்டுமானாலும் போடுவான், தம்பி. டெலஸ்கோப்புக்கு வாய் அகலம்தான் முக்கியம். அங்குலத்துக்கு 50 மடங்கு, அவ்வளவுதான் தாங்கும். அந்த 60 மி.மீ. குழாய்க்கு 120-க்கு மேல் போனால் படம் பெரிதாகும். தண்ணீர் விட்ட பால் மாதிரி வெளிறியும் போகும். ஆறு அங்குலக் கண்ணாடி இதைப்போல ஆறு மடங்கு வெளிச்சம் பிடிக்கும். சனியின் வளையத்துக்கு 40, 50 மடங்கே ஏதேஷ்டம்.

ஸ்டாண்டையும் ஆட்டிப் பாருங்கள். ஒல்லிக்கால் ஸ்டாண்டில் நிலா பரதநாட்டியம் ஆடும். இதற்கு வழி சொன்னவர் ஜான் டாப்சன். சான்பிரான்சிஸ்கோவில் ராமகிருஷ்ண மரபில் சாமியாராக இருந்தவர். பழைய கண்ணாடியைத் தேய்த்து, பிளைவுட் பெட்டியில் டெலஸ்கோப் செய்து ஊருக்கெல்லாம் வானம் காட்டினார். அந்தக் கிறுக்கில் 1967-ல் மடத்தை விட்டே அனுப்பிவிட்டார்கள்! அவர் பெயரில் வரும் 'டாப்சோனியன்' ஆறு அங்குலம்தான் என் சிபாரிசு.

அடுத்து, இடம். தென்வானமும் தெரிய வேண்டும் என்றுதான் வைணு பாப்பு காவலூரைத் தேர்ந்தெடுத்தார். 1968-ல் 38 செ.மீ. டெலஸ்கோப்போடு ஆரம்பம், 1986-ல் 2.34 மீட்டர். நெல்லை அதற்கும் நாலு டிகிரி தெற்கே! துருவ நட்சத்திரம் இங்கே வேப்பமரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். ஆனால் மே மாத இரவு ஒன்பது மணிக்குத் திரிசங்கு நேர் தெற்கே நிமிர்ந்து நிற்கும். சென்னைக்காரர் பொறாமைப்படலாம்.

பாளையங்கோட்டை மொட்டை மாடி வேண்டாம். தெருவிளக்கு ஒரு பக்கம், பகலெல்லாம் குடித்த வெயிலைத் தளம் ராத்திரி கக்குவது ஒரு பக்கம். படம் கானல் மாதிரி நெளியும். ஆற்றங்கரை வயலில் பனி இறங்கி லென்ஸ் வேர்க்கும். பாபநாசம் பக்கம் மேற்கு வானத்தை மலையும் மேகமும் பங்கு போட்டுக்கொள்ளும். ராத்திரியில் புலிகள் காப்பகத்துக்குள் விடவும் மாட்டார்கள். பணகுடியில் காற்றாலைகளின் சிவப்பு விளக்கு. என் ஓட்டு, நாங்குநேரிக்குத் தெற்கே பொட்டல், அல்லது சாத்தான்குளம் பக்கத்துத் தேரிக்காடு. ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை, அமாவாசையை ஒட்டி.

ஒரு விஷயம்: ஆறு அங்குல டாப்சோனியன் நாலடி நீளம். டி.வி.எஸ். 50-ல் ஏறாது, கார் வைத்திருக்கும் நண்பரை முதலில் பிடியுங்கள். கொசுவத்தி மட்டும் ஏற்றாதீர்கள், புகை நேராகக் குழாய் வாய்க்குத்தான் வரும். முழுக்கைச் சட்டை போதும்.