வீட்டில் வளர்க்க எந்தப் பாம்பு?

திருவேற்காட்டில் பாம்புக்கு மரியாதை அதிகம். கருமாரியம்மன் கோயிலில் புற்றை வணங்குகிறார்கள். வேதபுரீசுவரர் கோயில் கொண்ட இத்தலத்துக்கு ‘விடந்தீண்டாப் பதி’ என்றே ஒரு பெயருண்டு. ஆனால் மழைக்காலத்தில் முற்றத்துக்குச் சாரை வந்துவிட்டால் கையில் தடி ஏறிவிடுகிறது. இதற்கிடையே, கழுத்தில் பாம்பைச் சுற்றிக்கொண்டிருக்கும் வீடியோக்களைப் பார்த்துவிட்டு, எந்தப் பாம்பு சாது, எதை வளர்க்கலாம் என்று கேட்கும் இளைஞர்களும் வந்துவிட்டார்கள்.

வெளிநாடுகளில் இதற்குப் பெரும்பாலும் கிடைக்கும் பதில் பால் பைத்தான் (ball python). நான்கைந்து அடி வளரும், விஷமில்லாத ஆப்பிரிக்க மலைப்பாம்பு. மிரண்டால் தலையை நடுவில் புதைத்துக்கொண்டு பந்தாகச் சுருண்டுவிடும். பார்ப்பவர்கள் அதைச் சாதுத்தனம் என்கிறார்கள். உண்மையில் அது பயம். நம் கைக்கு அது பழகும், பாசம் வைக்காது. 20 வருடத்துக்கு மேலும் வாழும். அத்தனை காலமும் எலி வாங்கிப்போட வேண்டும். சில சமயம் மாதக்கணக்கில் எதையும் தொடாமல் கிடந்து வளர்ப்பவரைக் கலங்கடிக்கும்.

அது இங்கே எப்படி வருகிறது என்பதுதான் வேதனை. 2023 ஏப்ரலில் கோலாலம்பூரிலிருந்து சென்னை விமான நிலையத்தில் இறங்கிய ஒரு பயணியின் பெட்டிகளில் 22 பாம்புகளும் ஒரு பச்சோந்தியும் பிடிபட்டன. அரிய உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தத்தில் உள்ள இத்தகைய அயல்நாட்டு உயிர்களை வைத்திருப்போர், 2024 விதிகளின்படி மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்தாக வேண்டும்.

நம்மூர்ப் பாம்பை வளர்க்கவே முடியாது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதைத் தடுக்கிறது. 2022 திருத்தத்துக்குப் பிறகு சாரையும் நல்லபாம்பும் முதல் அட்டவணையில் இருக்கின்றன. தண்டனை 3 முதல் 7 ஆண்டு சிறை.

சட்டம் இல்லாவிட்டாலும் சாரையை அடைத்து வைப்பது நமக்குத்தான் நஷ்டம். வயலிலும் காலிமனையிலும் எலியைப் பிடித்துத் தின்னும் பாம்பு அது. இரண்டு பாம்புகள் பின்னிப் பிணைந்து எழுந்து நின்றால், சாரையும் நாகமும் கூடுவதாகச் சொல்வார்கள். அவை இரண்டும் ஆண் சாரைகள். கடிக்காமல், ஒன்றையொன்று தரையில் அழுத்தப் பார்க்கும் மல்யுத்தம் அது. தள்ளி நின்று பார்க்கலாம்.

நெருங்கி அறிய ஆசைப்படுவோருக்கு, ரோமுலஸ் விட்டேகர் தொடங்கிய கிண்டி பாம்புப் பண்ணை இருக்கிறது. வீட்டுக்குள் வந்த பாம்பை மட்டும் யாரும் கையால் எடுக்க வேண்டாம். தீயணைப்புத் துறையைக் கூப்பிடுங்கள். விஷமில்லாத வெள்ளிக்கோல் வரையனும் உயிரைப் பறிக்கும் கட்டுவிரியனும் இருட்டில் ஒன்றுபோலவே தெரியும். கட்டுவிரியன் கடித்தால் பெரும்பாலும் வலிகூட இருக்காது.