சிப்பி நகையும் ஏழையர் நிதியும்



காதுக் கம்மலை அடகு வைத்துவிட்டுப் பிள்ளையின் வைத்தியத்திற்கு வரும் தாய்மாரை நாம் வார்டுகளில் அடிக்கடி காண்கிறோம். ஆகவே, "சிப்பி, சோழி, சங்கு கொண்டு கம்மலும் மாலையும் செய்து, அறுப்பின் பண்டிகையில் விற்று, லாபத்தை ஏழை நோயாளிகளுக்குக் கொடுக்கலாமா?" என்று கோரிப்பாளையம் பகுதிச் சகோதரிகள் சிலர் கேட்டபோது மகிழ்ந்தோம். தாராளமாகச் செய்யலாம். ஆனால் தொடங்குமுன் அறிய வேண்டியவை சில உண்டு.

கைத்தொழிலால் தர்மம் செய்வது நமக்குப் புதிதல்ல. 1819-ல் நாகர்கோவிலுக்கு வந்த மார்த்தா மால்ட் அம்மையார், தம்மிடம் படித்த பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அந்த வருமானத்தால் அடிமைப் பெண்கள் சிலர் தங்கள் விடுதலையை விலை கொடுத்தே பெற்றார்கள். திருவிதாங்கூரில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்ததோ 1855-ல்தான். அந்தப் பெண்கள் கையேந்தவில்லை. கூலி பெற்று உழைத்தார்கள் என்பதைக் கவனியுங்கள்.

மதுரைக்குக் கடல் இல்லை. ஆயினும் ராமேஸ்வரமும் தூத்துக்குடியும் கன்னியாகுமரியும் ஒரே நாளில் போய்வரக்கூடிய தூரமே. மன்னார் வளைகுடாச் சங்குகள் வங்காளத்துப் பெண்களின் வளையலுக்காக நெடுங்காலமாக அனுப்பப்பட்டு வந்தன. ராமேஸ்வரத்தில் சிப்பி வேலைப்பாடு இன்றும் பல குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது.

வாங்கும்போது மிகுந்த எச்சரிக்கை தேவை. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில், பவளப்பாறை, கடல்விசிறி, கடற்குதிரை ஆகியவையும் அலங்காரச் சங்குகள் சிலவும் 2001-ல் சேர்க்கப்பட்டன. கருப்புப் பவளமும் அதில் அடங்கும். தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்திற்கும் இடைப்பட்ட தீவுகள் 1986-ல் தேசியப் பூங்காவாயின. அங்கே ஒரு கிளிஞ்சலையும் பொறுக்கலாகாது. ஆகவே, தெரிந்த கடையில் பெயர் கேட்டு, பில்லுடன் வாங்குங்கள். சந்தேகமானால் வனத்துறையினரைக் கேளுங்கள். தர்மத்திற்கு என்று சொன்னாலும் சட்டம் விடாது.

முத்து விஷயத்திலும் உண்மை பேச வேண்டும். தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல். 1973-ல் அங்கே மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் வளர்ப்பு முத்தை உருவாக்கி வெற்றி கண்டார்கள். இன்று கடையில் மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் சீனாவின் நன்னீர் முத்து. அதைத் "தூத்துக்குடி முத்து" என்று எழுதி விற்பது பொய்யே.

செய்முறை எளிது. சிப்பியை நல்ல தண்ணீரில் ஊறவைத்து, வாடை போகும்வரை தண்ணீரை மாற்றி, பிரஷ்ஷால் தேய்த்துக் காயவையுங்கள். துளை போடும்போது ஈரமாக வைத்தே போடுங்கள். மூக்கையும் வாயையும் மூடுங்கள். சிப்பித் தூள் நெஞ்சில் சேர்ந்தால் இருமலும் மூச்சுத்திணறலும் வரும். மலிவான கம்மல் கொக்கியில் உள்ள நிக்கல் பலருக்குக் காதில் அரிப்பையும் புண்ணையும் உண்டாக்கும். வெள்ளிக் கொக்கி சற்று விலை கூடினாலும் நல்லது.

இனி கணக்கு. உதாரணமாக, ஒரு ஜோடிக் கம்மலை 100 ரூபாய்க்கு விற்பதாக வைத்துக்கொள்வோம். சிப்பிக்கும் கொக்கிக்கும் 30, செய்தவருக்குக் கூலி 30, அட்டை, பயணம், உடைசல் ஆகியவற்றிற்கு 15 போனால், மீதி 25 ரூபாயே ஏழையர் நிதிக்குச் சேரும். இதை மறைக்காமல் அட்டையிலேயே அச்சிடுங்கள். "முழுத்தொகையும் ஏழைகளுக்கே" என்று எழுதிவிட்டுக் கூலியைக் குறைத்தால், ஓர் ஏழையிடம் எடுத்து இன்னோர் ஏழைக்குக் கொடுத்ததாகும். நகை வாங்குகிறவர் பொருளுக்கு விலை கொடுக்கிறார். அது நன்கொடை ஆகாது. அதற்கு வரிவிலக்கு ரசீது தர இயலாது என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

முதலில் 50 ஜோடி மட்டும் செய்து பாருங்கள். கடன் வாங்க வேண்டாம். இருவர் கையெழுத்துடன் ஒரு கணக்கு நோட்டு வையுங்கள். விற்பனை முடிந்ததும் சபையார் முன் அதை வாசியுங்கள்.

50 ஜோடி விற்றால் நிதிக்கு 1,250 ரூபாய். பெரிய தொகை அல்லதான். ஆனாலும் ஒரு தாய் தன் கம்மலைக் கழற்றாமல் மருந்துச் சீட்டோடு வீடு திரும்ப அது போதுமானதாகும் நாட்கள் உண்டு.