சூதுக்குள் சூது

சூது ஹராம் என்பதை நம் வாசகர்க்குச் சொல்ல வேண்டியதில்லை. அச்சூதுக்குள்ளும் ஒரு சூது நடந்த கதையைக் கேளுங்கள்.

போக்கர் சீட்டாட்டத்திற்கு உயிரே எதிராளியின் சீட்டு மறைந்திருப்பதுதான். கணினி வழி ஆடுகையில் அதைக் காப்பது ஆட்டத்தை நடத்தும் நிறுவனம். 2007 செப்டம்பரில் ‘அப்சல்யூட் போக்கர்’ நிறுவனத்தின் போட்டியொன்றில் ‘பாட்ரிப்பர்’ என்ற புனைபெயரினர் வென்றார். இறுதி ஆட்டத்தில், இணையொன்றும் சேராத, பத்துக்கு மேற்படாத சீட்டுகளை வைத்துக்கொண்டு எதிராளியின் முழுப் பந்தயத்தையும் துணிந்து ஏற்றார்! தோற்றவர் ஐயுற்று ஆட்டப் பதிவைக் கேட்க, நிறுவனமோ அனைவர் சீட்டுகளும் அடங்கிய கோப்பையே அனுப்பிவிட்டது. அதைத் துருவிய ஆட்டக்காரர்கள் 363 என்னும் எண்ணுடைய கணக்கொன்றைக் கண்டனர். அது ஆடவில்லை, பாட்ரிப்பர் அமர்ந்த மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தது. அனைவர் சீட்டும் அதற்குத் தெரிந்திருந்தன.

‘அல்டிமேட் பெட்’ என்னும் உடன்பிறப்பு நிறுவனத்திலும் இதே கள்ளம். 2004 முதல் 2008 வரை நடந்த அம்மோசடிக்கு, 1994-இன் உலகப் போக்கர் வாகையர் ரஸ் ஹாமில்டனே பொறுப்பென்று கனடாவின் கானவாக்கே சூதாட்ட ஆணையம் அறிவித்தது. ஆட்டக்காரர் இழந்தது 2 கோடி டாலருக்கும் மேல்.

இது வீட்டுக்காரனே திருடிய கதை. நண்பர் இருவர் ஒரே மேசையில் சேர்ந்து, தொலைபேசியில் சீட்டுகளைச் சொல்லிக்கொள்வதற்கு இத்தனை வித்தையும் வேண்டுவதில்லை. எதிரே முகமில்லை, காட்டிக்கொடுக்கச் சைகையுமில்லை.