மீன் தொட்டியும் உப்பின் அளவும்

அசாம் ஜாவா என்னும் மலாய்த் தொடருக்குப் புளி என்பது பொருள். கோல சிலாங்கூர் செல்லும் சாலையில் புளியின் பெயர் பூண்டு விளங்கும் அவ்வூரிலிருந்து, உப்பைப் பற்றிச் சிறிது ஆராய்வோம். ஈண்டு நாம் கருதுவது வீட்டிலும் பள்ளியிலும் உள்ள மீன் தொட்டியில் இடும் உப்பு. மீன் வாடினால் ஒரு பிடி உப்பை அள்ளி இடுவது பலர் வழக்கம். அவ்வழக்கத்தால் பிழைத்த மீன்களும் உள; மாண்ட மீன்களும் உள. எந்த மீனுக்கு, எவ்வளவு, எத்தனை நாள் என்னும் மூன்றையும் அறிந்து இட்டால் உப்பு மருந்தாகும். அறியாது இட்டால் நஞ்சாகும்.

உப்பு செய்யும் வேலை

நன்னீர் மீனின் குருதி, லிட்டருக்கு ஏறத்தாழ 9 கிராம் உப்புக் கரைந்த நீருக்கு ஒப்பானது. அது வாழும் நீரிலோ அரைக் கிராம்கூட இராது. கடல்நீரில் 35 கிராம் உண்டு. உப்பு மிக்க பக்கம் நோக்கி நீர் மென்தோலை ஊடுருவிச் செல்வது இயற்கை. ஆதலின் செவுள் வழியே நீர் ஓயாது மீனின் உடலுள் புகுகிறது. உடலின் உப்பு வெளியே கசிகிறது. புகுந்த நீரைச் சிறுநீரகம் வெளியேற்றுகிறது. இழந்த உப்பைச் செவுளின் உயிரணுக்கள் மீட்டுக்கொள்கின்றன. நலமுள்ள மீன் இச்சுமையை எளிதில் தாங்கும். புண்பட்ட மீனுக்கு அது பெருஞ்சுமை. தொட்டி நீரில் சிறிது உப்பிருப்பின், உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வேறுபாடு குறைந்து சுமை தணிகிறது.

இரண்டாவது பயன் புதுத் தொட்டிகளில் காணலாம். மீனின் கழிவிலிருந்து அம்மோனியாவும், அதிலிருந்து நைட்ரைட்டும் தோன்றும். நைட்ரைட்டு செவுள் வழியே குருதியில் கலந்து, உயிர்வளியைச் சுமக்கும் ஆற்றலைக் கெடுத்துக் குருதியைப் பழுப்பாக்கும். உப்பிலுள்ள குளோரைடு அந்நைட்ரைட்டைச் செவுளில் நுழையவொட்டாமல் தடுக்கிறது. எனினும், அழுக்கு நீரை உப்பு தூய்மையாக்குவதில்லை. நீரை மாற்றுவதே அதற்கு வழி.

மூன்றாவது, வெண்புள்ளி நோய். இந்நோயின் ஒட்டுண்ணி மீனின் தோலுக்கடியில் இருக்கும்வரை உப்பு அதனைத் தீண்டாது. அது கீழே உதிர்ந்து, பல்கிப் பெருகி, குஞ்சுகளாக நீந்தும் பொழுதே உப்பினால் மடியும். புள்ளி மறைந்த அன்றே உப்பை நீக்கினால் நோய் மீள்வது இதனால்தான்.

இருவகை நீர்

எந்த மீனுக்கு உப்புப் பொருந்தும் என்பதற்கு அசாம் ஜாவாவின் சுற்றுப்புறமே நல்ல பாடம். மேற்கே சிலாங்கூர் ஆறு கோல சிலாங்கூரில் கடலொடு கலக்கிறது. கோல என்பதே ஆற்றுமுகத்தைக் குறிக்கும் மலாய்ச் சொல். கம்போங் குவாந்தானில் மின்மினிகள் மொய்க்கும் பெரெம்பாங் மரங்கள், கடலேற்றத்தால் உவர்ப்பேறும் கரையில் வளர்பவை. வாயால் நீரை உமிழ்ந்து பூச்சியை வீழ்த்தும் சும்பிட் மீன் இத்தகைய கழிகளில் வாழ்வது. கடைகளில் வாங்கும் மோலி மீனும் உவர்நீரைத் தாங்கும் இனமே.

ஆற்றுக்கு வடக்கே, ராஜா மூசாக் காட்டையும் உள்ளடக்கிய காம்புட் எனப்படும் இலைமக்குச் சதுப்புக் காடு பரந்துள்ளது. அங்கே நீர் தேநீர் நிறமாய், புளிப்பு மிக்கதாய், உப்புச்சத்து மிகக் குறைந்ததாய் இருக்கும். 1992-இல் பெட்டா லிவிடா எனப் பெயரிடப்பெற்ற சண்டை மீன் அந்நீருக்கே உரியது. அத்தகைய மீனுக்கு நாள்தோறும் உப்பிட்டு வளர்ப்பது, அதன் பிறந்தகத்தையே பறிப்பதாகும். கெழுத்தி வகைகள், நத்தைகள், நீர்ச்செடிகள் ஆகியவையும் உப்பை நன்கு தாங்கா. இவை உள்ள தொட்டியில் உப்பிடாது, நோயுற்ற மீனை மட்டும் வேறு பாத்திரத்திற்கு மாற்றி மருத்துவம் செய்க.

அளவும் முறையும்

முதலில் நீரின் அளவைக் காண்க. 60 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலமுள்ள தொட்டியில் 25 செ.மீ. உயரம் நீர் நின்றால் 45 லிட்டர். மணலும் கல்லும் கொள்ளும் இடத்தைக் கழித்து 40 லிட்டர் எனக் கொள்வோம். சுமை தணிக்க லிட்டருக்கு 1 கிராம் போதும்; ஆகவே 40 கிராம். வெண்புள்ளி நோய்க்கு 2 முதல் 3 கிராம் வரை வேண்டும். அதனை ஒரே வேளையில் இடாது, மூன்று பங்காக்கி இரண்டு நாள்களில் இடுக. பத்து முதல் பதினான்கு நாள் வரை அவ்வளவிலேயே நிறுத்துக.

பிற பொருள் கலவாத கல்லுப்பே ஏற்றது. கரண்டியால் அளந்தால் கல்லுப்புக்கும் தூளுப்புக்கும் எடை வேறுபடும். ஆதலின் நிறுத்தே இடுக. வேறொரு பாத்திரத்து நீரில் முற்றும் கரைத்த பின்னரே சிறிது சிறிதாக ஊற்றுக. கரையாத உப்புப் பரல் மீனின் தோலைச் சுடும்.

பலர் தவறுவது ஒரு சிறு கணக்கில்தான். நீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. வாரம் 4 லிட்டர் ஆவியாகக் குறைந்த இடத்தை, லிட்டருக்கு 1 கிராம் உப்பிட்ட நீரால் நிரப்பி வந்தால், பத்து வாரத்தில் 40 கிராம் 80 கிராமாகிவிடும். ஆகவே வற்றிய இடத்தை உப்பில்லா நீரால் நிரப்புக. 10 லிட்டரை மொண்டு வெளியேற்றினால் 10 கிராம் உப்பும் உடன் போகும். மருத்துவம் முடியவில்லையெனில் அந்த 10 கிராமை மட்டும் ஈடு செய்க. முடிந்துவிட்டால் ஈடு செய்யாது, சில முறை நீரை மாற்றி உப்பை அகற்றுக. புதுநீர் குளோரின் நீக்கியதாக இருத்தல் வேண்டும். உப்பு குளோரினை நீக்காது.

உப்பிட்டபின் மீன் பக்கம் சாய்ந்தாலோ, மேல்மட்டத்தில் மூச்சுக்குத் தவித்தாலோ, தயங்காது ஒரு பகுதி நீரை மாற்றுக.

பள்ளியில் தொட்டி வைத்துள்ள ஆசிரியர்கள் இக்கணக்கை மாணவரைக்கொண்டே செய்விக்கலாம். கொள்ளளவு, நிறுத்தல், விகிதம் மூன்றும் அதில் அடங்கும். குழம்பில் உப்பு மிகுந்தால் உண்பவர் உடனே சொல்வர். மீன் சொல்லாது, நாம்தான் அளந்தறிதல் வேண்டும்.